மார்ச்சில் அன்னபூர்ணா பேஸ் கேம்ப்: பனிச்சரிவு பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கவின்_செந்தூல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஐந்து பேர், ஐவரும் கோலாலம்பூர்தான். மாதத்தில் இரண்டு ஞாயிறு குனோங் நுவாங், மற்ற வாரங்களில் புக்கிட் காசிங். வேலை சீக்கிரம் முடிந்தால் பத்துமலைப் படிகளை நான்கு முறை ஏறி இறங்குவோம். கினபாலுவும் இரண்டு தடவை ஆகிவிட்டது. அதனால் காலைப் பற்றியோ மூச்சைப் பற்றியோ பெரிய கவலை இல்லை. மார்ச் முதல் வாரம் நேபாளத்துக்குப் போகிறோம், அன்னபூர்ணா பேஸ் கேம்ப். டிக்கெட் எடுத்தாயிற்று.

சிக்கல் என்னவென்றால் எங்களில் ஒருவருக்கும் பனியில் நடந்த அனுபவம் கிடையாது. நான் பனியைத் தொட்டதே கெந்திங்கில் காசு கொடுத்து உள்ளே போகிற அந்த ஸ்னோ வேர்ல்டில்தான். சிரிக்காதீர்கள்.

போன வாரம் அம்மாவுக்கு யாரோ வாட்ஸாப்பில் ஒரு வீடியோ அனுப்பிவிட்டார்கள். மலையே இடிந்து வருகிற மாதிரி வெள்ளைப் புகை, ஆட்கள் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். எந்த ஊர், எந்த வருடம், ஒன்றும் தெரியவில்லை. அன்றிலிருந்து சோறு போடும்போதெல்லாம் அதே பேச்சு. ஏஜெண்டிடம் கேட்டால், "அது டீ ஹவுஸ் பாதை, வழியெல்லாம் லாட்ஜ் இருக்கிறது, எல்லோரும் போகிறார்கள், ஒன்றும் ஆகாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். போக்கராவில் கிளம்பி போக்கராவுக்குத் திரும்ப 7 நாள் என்று அட்டவணை கொடுத்திருக்கிறார்.

அந்தப் பாதையில் பனிச்சரிவு உண்மையிலேயே வருமா? எங்களில் ஒருவன் ஆளுக்கொரு பீக்கன் (பனியில் புதைந்தவர் எங்கே என்று சிக்னல் கொடுக்கிற கருவி) வாங்க வேண்டும் என்கிறான், ஒன்றே ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகிறது. இன்னொருவன் காலில் மாட்டுகிற மைக்ரோஸ்பைக் இருந்தால் போதும் என்கிறான். யார் சொல்வது சரி? அப்புறம், அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

பழைய_பூட்ஸ் எழுதியது:

நான் 2011-ல் போனேன், அக்டோபர். சுமை தூக்குகிறவர்கள் ஜப்பான் சிலிப்பர் போட்டுக்கொண்டு நடந்தார்கள். நம்ம ஆட்கள் ஆப்பிள் பை சாப்பிட்டுக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்தோம். சும்மா இருக்கிறவர்களைப் பயமுறுத்தும் வேலையை வாட்ஸாப் செய்கிறது. சந்தோஷமாகப் போய்விட்டு வாங்க லா.

தண்ணீர்மலைக்காரன் எழுதியது:

தம்பி கவின், இதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்கு வராது. ஒரு தே தாரிக் போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

நான் பினாங்கு. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் மெயின்டெனன்ஸ் வேலை. ஞாயிற்றுக்கிழமை மூன்கேட் வழியாக ஐந்தாம் ஸ்டேஷனுக்கு ஏறுகிற கூட்டம் ஒன்று எங்களுக்கு உண்டு. அதிலிருந்து ஆறு பேர் 2018 மார்ச்சில் இதே பாதைக்குப் போனோம். பேஸ் கேம்ப்பைப் பார்க்காமல் திரும்பி வந்தோம். ஆகவே போய்ச் சேராதவன் சொல்கிற கதை இது, அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வருமா என்று கேட்டீர்கள். வரும். அந்தப் பாதையில் சோம்ரோங், சினுவா, பாம்பு, டோவான், ஹிமாலயா, தியுராலி என்று லாட்ஜுகள் வரிசையாக வரும். (பாம்பு என்றதும் பதற வேண்டாம், மூங்கிலுக்கான ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் வந்து நிற்கிறது.) டோவான் வரைக்கும் காடுதான், நம்ம ஊர்க் காடு மாதிரியே ஈரம், அட்டை கூட உண்டு. ஹிமாலயா 2,900 மீட்டர் சுமார். அங்கிருந்து ஹிங்கு குகை, தியுராலி, அப்புறம் 3,700 மீட்டரில் மச்சாபுச்சரே பேஸ் கேம்ப். ஆபத்தெல்லாம் இந்தத் துண்டில்தான் இருக்கிறது. 2020 ஜனவரி 17 அன்று ஹிமாலயாவுக்கும் தியுராலிக்கும் நடுவில் பனிச்சரிவு வந்து கொரியாவிலிருந்து வந்த 4 பேரும் நேபாளிகள் 3 பேரும் போய்விட்டார்கள். பனி உருகி உடல்கள் கிடைக்க மாதக்கணக்கில் ஆனது. அவர்கள் சிகரம் ஏறப் போனவர்கள் இல்லை. நீங்கள் நடக்கப் போகிற அதே டீ ஹவுஸ் பாதையில் நடந்தவர்கள்.

பாதையில் நிற்கும்போது உங்களைச் சுற்றிப் பனியே இல்லாமல் இருக்கலாம். வெறும் புல், கல், கொஞ்சம் சேறு. "எங்கே பனி? இங்கே என்ன சரிவு?" என்றுதான் தோன்றும். அதற்கு மேற்கே ஹியுன்சுலி என்று 6,441 மீட்டர் மலை ஒன்று நிற்கிறது. அதன் சரிவுகளில் சேர்ந்த பனி, பாறை இடுக்குகள் வழியாகக் குழாயில் விட்ட மாதிரி நேரே பாதையில் வந்து கொட்டும். கீழே நிற்கிற உங்களுக்கு அந்தச் சரிவு கண்ணிலேயே படாது. பாறைச் சுவர் மறைத்துவிடும்.

நம்ம ஊரில் கெப்பாலா ஆயிர் என்கிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆற்றில் குளிக்கிறீர்கள், தலைக்கு மேல் நல்ல வெயில். மேலே எங்கேயோ மலையில் மழை பெய்திருக்கிறது. பத்து நிமிடத்தில் தண்ணீர் சுவர் மாதிரி வந்து ஆளை அடித்துக்கொண்டு போகிறது. ஆற்றங்கரையில் வளர்ந்தவன் தண்ணீர் நிறம் மாறினாலே கரையேறிவிடுவான். தியுராலியில் அந்த நிறத்தைப் பார்க்கத் தெரிந்தவர்கள் லாட்ஜ்காரர்களும் வழிகாட்டியும்தான். கனடாவிலும் ஐரோப்பாவிலும் 1 முதல் 5 வரை எண் போட்டு தினமும் பனிச்சரிவு அறிக்கை கொடுப்பார்கள். இந்தப் பாதைக்கு அப்படி ஒன்று கிடையாது. சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பேசிக்கொள்வதுதான் அறிக்கை.

எங்கள் கதைக்கு வருகிறேன். ஹிமாலயாவுக்குப் போய்ச் சேர்ந்த மாலை மழை. இரவில் சத்தம் நின்றுவிட்டது. மழை நின்றுவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன், அது பனியாக மாறியிருக்கிறது, பனிக்குச் சத்தம் கிடையாது. காலையில் கதவைத் திறந்தால் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை வெள்ளை. வழிகாட்டி தடியைக் குத்தி அளந்தார், 40 சென்டிமீட்டர் இருக்கும். வானம் என்றால் அப்படி ஒரு நீலம், மேகம் ஒரு துளி இல்லை. என் வாழ்நாளில் பார்த்த அழகான காலைகளில் அது ஒன்று. எல்லோரும் பூட்ஸ் கட்ட ஆரம்பித்துவிட்டோம்.

வழிகாட்டி கட்டவில்லை. காண்ட்ருக் பக்கத்துக் குருங், ஐம்பது வயது இருக்கும். நாங்கள் அவரைத் தாய் என்று கூப்பிடுவோம், நேபாளியில் அண்ணன் என்று பொருள். (இதுவும் பாம்பு கதைதான்.) அடுப்போரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "இன்று இல்லை" என்றார். ஏன் என்று கேட்டதற்கு மேலே விரலைக் காட்டி, "நேற்று இரவு விழுந்தது இன்னும் உட்காரவில்லை" என்றார். அவ்வளவுதான், விளக்கம் கிடையாது.

எங்களில் ஒருவன், பெயர் வேண்டாம், பள்ளிக்கூடத்திலிருந்து நண்பன், அப்போதுதான் ஓய்வு பெற்றவன். இந்தப் பயணத்துக்காக இரண்டு வருடம் காசு சேர்த்தவன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் காசு கொடுத்தது நடக்க, அடுப்பில் குளிர்காய இல்லை" என்றான். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது, ஏனென்றால் எங்கள் ஏஜெண்ட் கொடுத்த அட்டவணையில் ஒரு நாள்கூட மிச்சம் இல்லை. ஒரு நாள் தங்கினால் பேஸ் கேம்ப் கை நழுவும், இரண்டு நாள் தங்கினால் விமானமும் போகும். வானிலையே இல்லாத ஏதோ ஓர் உலகத்துக்குப் போட்ட அட்டவணை அது. நானும் உள்ளுக்குள் அவன் பக்கம்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பதினொரு மணி இருக்கும். முதலில் சத்தம். பட்டர்வொர்த்தில் சரக்கு ரயில் கோக்கும்போது வரிசையாக ஒரு இடி ஓடுமே, அந்த மாதிரி, ஆனால் நிற்காமல். அப்புறம் மேலே பாறைச் சுவருக்கு அப்பாலிருந்து வெள்ளைப் புகை எழும்பியது. எங்களிடம் வந்து சேரவில்லை, லாட்ஜ் பாதுகாப்பான இடத்தில்தான் இருக்கிறது. காற்று மட்டும் வந்தது, முகத்தில் ஊசி ஊசியாகப் பனித்தூள். தாய் தலையைக்கூடத் திருப்பவில்லை, டீயை முடித்தார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு டார்ச்சுடன் கிளம்பி அந்த இடத்தைக் கடந்தோம். முப்பது மீட்டர் அகலத்துக்குப் பாதையே இல்லை. அதன் மேல் கால் வைத்தபோதுதான் எனக்கு முதல் பாடம். பனி என்றால் பஞ்சு என்று நினைத்திருந்தேன். சரிந்து வந்து நின்ற பனி சிமெண்ட் மாதிரி இறுகிப்போயிருக்கிறது, பூட்ஸ் நுனி உள்ளே இறங்கவில்லை. உள்ளே முறிந்த கிளைகள், வீட்டு ஃப்ரிட்ஜ் அளவில் கற்கள். இதற்குள் ஓர் ஆள் இருந்தால் கையால் தோண்டி எடுக்கலாம் என்ற எண்ணம் அந்த இடத்திலேயே செத்துவிட்டது. தியுராலி வரை போனோம். மதியம் மறுபடி மேகம் கட்டியது, தாய் தலையை ஆட்டினார், திரும்பினோம். நண்பன் காட்மாண்டு வரை என்னிடம் பேசவில்லை. இப்போதும் தைப்பூசத்தில் தண்ணீர்மலைப் படியில் பார்த்தால் தலையாட்டுவான், அதோடு சரி.

ஊருக்கு வந்தும் விடவில்லை. மெயின்டெனன்ஸ்காரன் புத்தி, எது ஏன் உடைந்தது என்று தெரியாமல் தூக்கம் வராது. அடுத்த வருடம் குல்மார்க்கில் இரண்டு நாள் ஆரம்ப வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். பனியில் ஆள் உயரக் குழி தோண்டச் சொல்லி அதன் சுவரைக் காட்டினார்கள். கேக்கை வெட்டினால் அடுக்கு தெரிவது போல ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒரு கோடு. அடியில் ஓர் இடத்தில் விரலை வைத்தால் பொலபொலவென்று கொட்டியது, சீனி மாதிரி. குளிர் நாட்களில் தரைப் பக்கம் சூடு, மேல் பக்கம் கடுங்குளிர் என்று இருந்தால் நடுவிலுள்ள பனி ஒன்றோடொன்று ஒட்டாத மணிமணியாக மாறிவிடுமாம். அதன் மேல் புதுப் பனி விழுந்து, காற்று அதை அடித்து இறுக்கிப் பலகையாக்கிவிடுகிறது. பலகைக்கு அடியில் சீனி. பாரம் தாங்கும் வரை தாங்கும், அப்புறம் ஒரு விரிசல் ஓடும், முழுப் பலகையும் ஒரே நேரத்தில் கிளம்பும்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு தட்டில் சீனியைப் பரப்பி, அதன் மேல் கோதுமை மாவை இரண்டு விரல்கடை தட்டி அழுத்தி, தட்டை மெல்லச் சாயுங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் மாவு மொத்தமாக வழுக்கி வரும். சமையலறையில் இதைச் செய்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், நீங்கள் வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

எந்தச் சாய்வில் இது நடக்கிறது என்பதுதான் ஆச்சரியம். பலகையாகச் சரிவதில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகைக்குள். நம் வீட்டு மாடிப்படியே 30-க்கு மேல் இருக்கும். அதைவிடத் தட்டையாக இருந்தால் பனி அப்படியே உட்கார்ந்துவிடும். மிகவும் செங்குத்தாக இருந்தால் சேரச் சேரச் சிறிது சிறிதாக உதிர்ந்துவிடும். நடுவில் உள்ளதுதான் கடன்காரன் மாதிரி சேர்த்து வைத்து ஒரே நாளில் கேட்கிறது. 20 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், அரை மீட்டர் கனம் என்று ஒரு சின்னப் பலகையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கன மீட்டருக்கு 200 கிலோ என்றால் 40 டன். பிளஸ் நெடுஞ்சாலையில் 110-ஐத் தாண்டினால் சம்மன் வரும், காய்ந்த பனி கிளம்பினால் அந்த 110-ஐ எளிதாகத் தாண்டும். ஓடித் தப்பலாம் என்பதெல்லாம் வீடியோவில்தான்.

மார்ச்சில் இன்னொன்று சேர்கிறது, வெயில். ஹியுன்சுலியின் இந்தப் பக்கச் சரிவுகள் கிழக்கு பார்த்தவை. எதிரே மச்சாபுச்சரே நிற்பதால் சூரியன் எட்டிப்பார்க்கக் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் பட ஆரம்பித்ததும் நேராக அங்கேதான் படும். இரவில் உறைந்து கெட்டியாக இருந்தது இளகும். அதனால்தான் இருட்டோடு கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் அந்தத் துண்டைத் தாண்டிவிடச் சொல்கிறார்கள். பனி அதிகமான நாட்களில் மோதி கோலா ஆற்றைக் கடந்து கிழக்குக் கரையோரமாகவும் கூட்டிப்போவார்கள். வழிகாட்டி அந்தப் பக்கம் திரும்பினால், சுற்று வழி என்று முணுமுணுக்காமல் பின்னால் போங்கள்.

மைக்ரோஸ்பைக் வாங்குங்கள், அது வழுக்காமல் இருக்க. தலைக்கு மேல் இருப்பதற்கு அது ஒன்றும் செய்யாது. பீக்கன் பற்றி எனக்குத் தெரிந்தது அரைகுறை, ஷாமினி இங்கே இருந்தால் சொல்லட்டும்.

ஏஜெண்டிடம் உடனே பேசி 7 நாளை 9 அல்லது 10 ஆக்குங்கள். உங்களுக்கு இருக்கிற ஒரே நல்ல பாதுகாப்பு ஹிமாலயாவில் உட்கார்ந்து இன்னொரு டீ குடிக்க முடிவதுதான். அதற்கு நாள் வேண்டும்.

ஷாமினி_பிஜே எழுதியது:

அண்ணே கூப்பிட்டதால் வருகிறேன். நான் நான்கு குளிர்காலம் ஜப்பானில் ஹொக்கைடோவில் ஸ்னோஷூ நடக்கப் போனவள், மூன்றாவது முறைதான் ஒழுங்காகப் பீக்கன் பழகினேன்.

கவின், பீக்கன் போட்டிருப்பவரைப் பனிச்சரிவு ஒன்றும் விட்டுவைக்காது. அது 457 கிலோஹெர்ட்ஸில் ஒரு சிக்னல் அனுப்பும், அவ்வளவுதான். புதைந்தவரின் சிக்னலைப் புதையாத ஒருவர் தன் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றிப் பிடிக்க வேண்டும். அப்புறம் மடக்குக் கம்பியால் குத்தி ஆழம் பார்க்க வேண்டும், அப்புறம் மண்வெட்டியால் தோண்ட வேண்டும். மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருந்தால்தான் அர்த்தம். நேரமும் மிகக் கொஞ்சம். சுவிட்சர்லாந்துக் கணக்குப்படி முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், அரை மணி நேரத்துக்குள் அது மூன்றில் ஒன்று என்கிற அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஹெலிகாப்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், தோண்ட வேண்டியது பக்கத்தில் நிற்பவர்தான். என் முதல் பயிற்சியில் ஒரு பையை ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்து வைத்தார்கள், நான் கண்டுபிடித்துத் தோண்டி எடுக்க 22 நிமிடம். பயிற்சி கொடுத்தவர் ஒன்றும் சொல்லாமல் கடிகாரத்தை மட்டும் காட்டினார்.

பழகாமல் ஐந்து பேரும் வாங்கி மாட்டிக்கொண்டால் அது தாயத்துதான். ஐயாயிரம் வெள்ளித் தாயத்து. அந்தக் காசில் அண்ணே சொன்ன கூடுதல் நாட்களை வாங்குங்கள்.

உயரமான மலையில்தான் ஆபத்து என்பவர்களுக்கு ஒன்று. நிசெக்கோவில் நான் நடக்கிற அன்னுபுரி மலை 1,308 மீட்டர், நம்ம நுவாங்கைவிடக் குள்ளம். அங்கே ஸ்கீ எல்லைக்கு வெளியே போக வேண்டுமானால் குறிப்பிட்ட வாயில்கள் வழியாகத்தான் போகலாம். வாயில் மூடியிருந்தால் யாராக இருந்தாலும் திரும்ப வேண்டியதுதான். கயிற்றுக்குக் கீழே குனிந்து போனால் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். முதல் வருடம் எனக்கு அது அதிகப்படியாகத் தெரிந்தது.

அப்புறம் மார்ச் என்றால் வசந்தம், பனி எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். 2017 மார்ச் 27 அன்று ஜப்பானில் நாசு என்ற இடத்தில் பள்ளிக்கூட மாணவர்கள் 7 பேரும் ஓர் ஆசிரியரும் பனிச்சரிவில் இறந்தார்கள். மலையேற்றப் பயிற்சிக்குப் போனவர்கள், ஸ்கீ தளத்தை ஒட்டிய சரிவுதான். அதற்கு முந்தைய இரவு முழுக்கப் புதுப் பனி விழுந்திருந்தது.

பழைய_பூட்ஸ் எழுதியது:

இரண்டு பேரும் சேர்ந்து தம்பியை டிக்கெட்டைக் கேன்சல் பண்ண வைத்துவிடுவீர்கள் போலிருக்கிறதே. வருடத்துக்கு ஆயிரக்கணக்கானோர் போய் வருகிறார்கள். ஜாலான் துன் ரசாக்கில் மோட்டார் ஓட்டுவது இதைவிட ஆபத்து. பயமாக இருந்தால் அக்டோபரில் போகட்டும், பனியே இருக்காது.

தண்ணீர்மலைக்காரன் எழுதியது:

பூட்ஸ் அண்ணே, பாதி ஒத்துக்கொள்கிறேன். அக்டோபர், நவம்பரில் வானம் தெளிவு, அந்தத் துண்டில் பெரும்பாலும் பனி இருக்காது. கவின் என்னிடம் டிக்கெட் எடுக்கும் முன் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மீதிப் பாதி இதோ. 2014 அக்டோபரில் ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறி, இரண்டு நாளில் அதன் மிச்சம் நேபாளம் வரை போனது. அன்னபூர்ணாவைச் சுற்றிப்போகிற பாதையில் தோரோங் லா கணவாய்ப் பக்கமும் அக்கம்பக்கத்து மலைகளிலும் பனிப்புயலும் பனிச்சரிவுமாக 40-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். எல்லோரும் "நல்ல மாதம்" பார்த்துப் போனவர்கள்தான். வங்காள விரிகுடாவில் புயல் என்று செய்தி வந்தால் இமயமலையில் இருப்பவன் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது எனக்கு அதைப் படித்த பிறகுதான் உறைத்தது.

ஆயிரம் பேர் போய் வந்தார்கள் என்பது பற்றி: எங்களைப் போலத் திரும்பி வந்தவர்களும் அந்த ஆயிரத்தில் இருக்கிறோம். அன்று காலை நாங்கள் நடந்திருந்தாலும், பதினொரு மணிக்கு முன்பே தாண்டியிருந்தால், ஒன்றும் ஆகியிருக்காது. இன்றைக்கு இங்கே வந்து "ஒன்றும் ஆகாது லா" என்று நானும் எழுதிக்கொண்டிருப்பேன். பத்தாங் காலியில் 2022 டிசம்பரில் கூடாரத்தில் தூங்கியவர்கள் 31 பேர் மண்ணுக்குள் போனார்களே, அதே இடத்தில் அதற்கு முன் எத்தனை குடும்பங்கள் தங்கி, பார்பெக்யூ போட்டுவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்கும். முந்தைய நாட்களின் மழை மண்ணுக்குள் என்ன செய்திருந்தது என்று மேலே படுத்திருந்தவர்களுக்கு எப்படித் தெரியும்.

மோட்டார் விஷயத்தில் மட்டும் உங்களோடு வாதம் இல்லை. துன் ரசாக்கில் நான் ஓட்டவே மாட்டேன்.

கவின்_செந்தூல் எழுதியது:

அண்ணே, அக்கா, பூட்ஸ் அண்ணே, மூவருக்கும் நன்றி. நேற்று ஐந்து பேரும் மாமாக் கடையில் உட்கார்ந்து இந்தப் பக்கத்தை முழுக்கப் படித்தோம். பீக்கன் கேட்டவன் 22 நிமிடக் கதைக்கு அப்புறம் அமைதியாகிவிட்டான்.

ஏஜெண்டிடம் பேசினேன். 10 நாள் என்றதும் முதலில் சலித்துக்கொண்டார், அப்புறம் ஆளுக்கு இவ்வளவு கூடும் என்றார், சரி என்றோம். ஒருவனுக்கு ஆபீஸில் அவ்வளவு லீவு கிடைக்காது, அவன் வரவில்லை. நால்வர் போகிறோம்.

இன்னும் இரண்டு சந்தேகம். அந்த இடத்தைக் கடக்கும்போது நாங்கள் எப்படி நடக்க வேண்டும்? வழிகாட்டியே போகலாம் என்று சொல்லி, எங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் எதைப் பார்த்து முடிவு செய்வது?

தண்ணீர்மலைக்காரன் எழுதியது:

நல்லது. முதலாவதற்குப் பதில்: ஒருவர் பின் ஒருவராக, நல்ல இடைவெளி விட்டு. ஒருவர் பாதுகாப்பான பாறைக்கு அப்பால் போய்ச் சேர்ந்த பிறகு அடுத்தவர் கிளம்பட்டும், மற்றவர்கள் கண் எடுக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். எல்லோரும் ஒன்றாக நடந்து ஒன்றாகப் புதைந்தால் எங்கே புதைந்தோம் என்று சொல்லவும் ஆள் இருக்காது. நடுவில் போட்டோ, தண்ணீர், ஜாக்கெட் கழற்றுவது எதுவும் வேண்டாம். எங்கள் ஆள் ஒருவன் அந்தச் சிமெண்ட் பனியின் நடுவில் நின்று செல்ஃபி எடுத்தான், தாய் அவன் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். முந்தைய சரிவின் மிச்சம் பாதையில் கிடந்தால் அதன் ஓரத்தில் உட்கார்ந்து இளைப்பாறவும் கூடாது. ஒரு முறை வந்த வழியில் மறுபடி வரும்.

இரண்டாவது. 24 மணி நேரத்துக்குள் எங்களுக்கு விழுந்த மாதிரி முழங்காலுக்குக் கீழே வரை புதுப் பனி விழுந்திருந்தாலே அன்று போக வேண்டாம், அடுத்த நாளும் யோசியுங்கள். முகட்டில் கொடி பறக்கிற மாதிரி பனித்தூள் பறந்தால், காற்று அந்தப் பக்கப் பனியை வாரி இந்தப் பக்கம் குவிக்கிறது என்று அர்த்தம். வானத்திலிருந்து ஒரு துளி விழாமலேயே பாரம் கூடும். எதிர்ப்பக்க மலையில் ஏதாவது புதிதாகச் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள், அங்கே விழுந்தால் இங்கேயும் தயார். திடீரென்று சூடாகி, கூரைப் பனி சொட்டச் சொட்ட உருகினாலும், மழை பெய்தாலும் அதே கதை. பனியில் கால் வைத்ததும் அடியில் "உம்ப்" என்று காற்று இறங்குகிற சத்தம் கேட்டால், அது சீனி உடைகிற சத்தம், வந்த வழியே திரும்புங்கள்.

வழிகாட்டி போகலாம் என்று சொல்லி நீங்கள் மறுத்தால் அவர் வருத்தப்பட மாட்டார். அவருக்கும் வீடு இருக்கிறது. சில சமயம் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வாரோ என்றுதான் அவர்களே போகலாம் என்கிறார்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "நாங்கள் மேலே போய்ச் சேராவிட்டாலும் உங்களுக்குச் சேர வேண்டிய டிப்ஸ் முழுசாக வரும்." நாங்கள் அதைச் சொல்லவில்லை. திரும்பும்போது தாய் எங்களைவிடச் சோர்ந்து நடந்தார், காரணம் எனக்கு போக்கராவில்தான் புரிந்தது.

இன்ஷூரன்ஸ் தாளை எடுத்து உயர வரம்பைப் பாருங்கள். பேஸ் கேம்ப் 4,130 மீட்டர். சில பாலிசியில் 4,000 வரைதான் என்று சின்ன எழுத்தில் இருக்கும். கடைசி 130 மீட்டருக்கு ஹெலிகாப்டர் காசு உங்கள் தலையில் வரும்.

அம்மாவிடம் வீடியோவைப் பற்றிப் பேசாதீர்கள். எந்தெந்த நாள் எந்த லாட்ஜ் என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போங்கள். அதில் ஹிமாலயாவுக்கு நேரே இரண்டு நாள் காலியாக விட்டு, "காத்திருக்கலாம்" என்று எழுதுங்கள். என் மனைவி அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் ஒரு நாள் தாமதமானதும் அவள் பயந்து ஊரைக் கூட்டிவிட்டாள், ஏனென்றால் என் தாளில் காலி நாளே இல்லை.

கவின்_செந்தூல் எழுதியது:

ஒட்டியாயிற்று அண்ணே. அம்மா படித்துவிட்டு, "காத்திருக்கலாம் இல்லை, காத்திருப்போம் என்று எழுது" என்றார். மாற்றி எழுதினேன்.

கையுறை எத்தனை ஜோடி?

தண்ணீர்மலைக்காரன் எழுதியது:

இரண்டு. ஒன்று நனைந்துவிடும்.